ஆடும் பல்லைப் பிடுங்கும் முன்: தாடை எலும்புக்குள் ஒளிந்திருக்கும் ரத்தக்குழாய்க் கோளாறு

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடக் கூடாது. ஆறு வயதில் முளைத்து அறுபது வயது வரை நிற்க வேண்டிய பல் அது. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ஆரணியிலோ ஒரு சின்ன பல் கிளினிக்குக்கு அப்படிப்பட்ட பிள்ளையை அழைத்துவரும் அம்மா பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்: “பல்லு வெளக்கசொல்ல ரத்தம் வருதுங்க டாக்டர். காலைல பார்த்தா தலவாணி உறையில கறை. இந்த ஒரு பல்லுதான் ஆடுது, புடுங்கிடுங்க.”

அந்தப் பல்லைப் பிடுங்கலாமா என்று முடிவு செய்ய ஐந்து நிமிடப் பரிசோதனையும், இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஒரு ஓபிஜி எக்ஸ்ரேயும் தேவை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காரணம் வேறாகத்தான் இருக்கும்: சீழ், காரை, அடிபட்டது, கட்டி. மிக அரிதாக, எலும்புக்குள் தமனியும் சிரையும் நேராக இணைந்துபோன ரத்தக்குழாய்க் கோளாறு இருக்கும். மருத்துவர்கள் இதை ‘ஏவிஎம்’ என்பார்கள். பல பல் மருத்துவர்கள் தங்கள் தொழில் வாழ்க்கையில் ஒரு முறைகூட இதைப் பார்க்காமல் போகலாம். ஆனால் அதைத் தெரியாமல் ஒரு பல்லைப் பிடுங்கினால், பீறிடும் ரத்தத்தை நிறுத்த அந்த நாற்காலியில் வழியில்லை.

எலும்புக்குள் என்ன நடக்கிறது

கோடையில் பாலத்தின் மேல் நின்று பாலாற்றைப் பார்த்தால் மணல்தான் தெரியும். நீர் அடியில் ஓடுகிறது. அந்த அடிநீரைத்தான் வட ஆர்க்காட்டு விவசாயிகள் கசக்கால் வெட்டி வயலுக்குத் திருப்பினார்கள். தாடை ஏவிஎம்மும் இதே போல. மேலே தோலும் ஈறும் சாதாரணமாக இருக்கும். ஓட்டம் முழுவதும் எலும்புக்கு உள்ளே.

உடலில் ரத்தம் தமனியிலிருந்து தந்துகிகளுக்குள் நுழைந்து, அங்கே வேகமும் அழுத்தமும் குறைந்து, பிறகு சிரைக்கு வருகிறது. ஏரி மதகைத் திறந்தால் நீர் வாய்க்கால் வழியாக வயலெங்கும் பரவி, கடைசியில் வடிகாலுக்குப் போவதைப் போல. ஏவிஎம்மில் நடுவே வயலே இல்லை. மதகிலிருந்து வடிகாலுக்கு நேராக ஒரு உடைப்பு. தமனியின் முழு அழுத்தமும் மெல்லிய சுவர் கொண்ட சிரையில் விழுகிறது. சிரை தாங்காமல் விரிந்து விரிந்து ஒரு பையாகிறது. தாடையில் இந்தப் பை உருவாவது எலும்பின் நடுவே, பல் வேர்களின் அடியில். அதன் துடிப்பு எலும்பை மெல்ல மெல்ல அரிக்கிறது. எலும்பு போன இடத்தில் பல் ரத்தத்தின் மேல் மிதக்கிறது. ஈறோரத்தில் கசியும் ரத்தம் அந்தப் பையிலிருந்து வருவது. பல்தான் அதற்கு மூடி.

இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். தாடை ஏவிஎம்மில் நோய் இருக்கும் இடம் பெரும்பாலும் அந்தச் சிரைப் பை. வரத்துக் குழாய்களைத் தேடித் தேடி அடைப்பதால் குணம் வராது. உடைப்பு இருக்கும் பையை அடைத்தால் வரும்.

கீழ்த்தாடையில் மேல்தாடையைவிட அதிகமாகக் காணப்படுகிறது. பிறவியிலேயே விதை இருந்தாலும் வெளிப்படுவது பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள். பருவமடையும் வயதிலும் கர்ப்ப காலத்திலும் வேகமாக வளரக்கூடும். அடிபட்டாலும், அரைகுறையாக அறுவை செய்தாலும் சீண்டப்பட்டு வளரும்.

பெயர்க் குழப்பம் எப்படி ஆளைத் திசைதிருப்புகிறது

ரிப்போர்ட்டில் ‘ஹெமாஞ்சியோமா’ என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட எல்லா வீக்கத்துக்கும் பழைய காலத்தில் வைத்த பெயர் அது. 1982இல் முல்லிக்கன், குளோவாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: செல்கள் பெருகி வளர்ந்து பிறகு தானே சுருங்கும் கட்டி ஒன்று, குழாய்கள் தவறாக அமைந்து, சுருங்காமல், உடலோடு வளரும் கோளாறு இன்னொன்று. உண்மையான ஹெமாஞ்சியோமா குழந்தை பிறந்த சில வாரங்களில் தோன்றி, முதல் ஆண்டில் வளர்ந்து, பிறகு வற்றும். 2008 முதல் அதற்குப் புரோப்ரனலால் மருந்து தரப்படுகிறது, நன்றாகவே வேலை செய்கிறது. பன்னிரண்டு வயதில் தாடையில் தெரிவது அதுவல்ல. அந்த மருந்து இதற்குப் பயன்படாது; தானே வற்றும் என்று காத்திருப்பதும் பயன்படாது.

கோளாறுகளிலும் வேகமான ஓட்டம், மெதுவான ஓட்டம் என்று இரண்டு வகை. ஏவிஎம் வேகமானது. சிரைக் கோளாறும் நிணநீர்க் கோளாறும் மெதுவானவை. சிகிச்சை முற்றிலும் வேறு. ஆகவே எந்தப் படம் எடுத்தாலும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, ஓட்டம் வேகமா மெதுவா என்பதுதான்.

கையும் காதும்

வேலூர், திருப்பத்தூர் பக்கத்தில் பீடியும் பாக்கும் புகையிலையும் சாதாரணம். ஈறில் ரத்தம் என்றதும் காரை எடுத்துச் சுத்தம் செய்வதுதான் வழக்கமான முதல் படி. பெரியவர்களுக்கு அது சரி. ஈறு நோயில் பல பற்களைச் சுற்றிக் கசியும், காரை கண்ணுக்குத் தெரியும், தொட்டால்தான் வரும். ஏவிஎம்மில் ஒரே பக்கம், ஒன்றிரண்டு கடைவாய்ப் பற்களின் கழுத்தில் மட்டும், தொடாமலே வரும். தானே நிற்கும், மறுபடி வரும். காரையே இல்லாத பிள்ளையின் வாயில் இப்படி வந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

ஆடும் பல்லை விரல் நுனியால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். சாதாரணமாக ஆடும் பல் பக்கவாட்டில் அசையும். ரத்தப் பையின் மேல் இருக்கும் பல் குழிக்குள் அமிழ்ந்து, விரலை எடுத்ததும் தானே மேலே எழும். நீரில் மிதக்கும் தக்கையை அழுத்திவிட்ட மாதிரி. இதைப் பார்த்துவிட்டால் இடுக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும், வேறு சான்று தேவையில்லை.

அடுத்து தாடையின் கீழ் ஓரத்தில் மூன்று விரல்களை வைத்து மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். துடிப்பு, அதிர்வு, சூடு மூன்றையும் பாருங்கள். ஸ்டெதாஸ்கோப்பின் கிண்ணப் பக்கத்தைத் தாடைக் கோணத்தின் மேல் வைத்துக் கேளுங்கள். நாடித்துடிப்போடு சேர்ந்து ‘உஷ்… உஷ்…’ என்ற இரைச்சல் கேட்டால் ஓட்டம் வேகமானது. கீழ் உதடு மரத்திருக்கிறதா, முகம் ஒரு பக்கம் பெருத்திருக்கிறதா, அந்தப் பக்கத்துப் பல் மட்டும் சீக்கிரம் முளைத்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இவை எதுவும் இல்லாமலும் ஏவிஎம் இருக்கலாம். கையில் கிடைக்கவில்லை என்பதற்காக எக்ஸ்ரேயைத் தவிர்க்க முடியாது.

ஓபிஜியில் எங்கே பார்ப்பது

பலரும் நேரே பல்லைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கீழ்த்தாடை நரம்புக் கால்வாய். தாடையின் ஏறுபகுதியின் உட்புறத் துளையில் தொடங்கி, கடைவாய்ப் பல் வேர்களுக்குக் கீழே ஓடி, முன்கடைவாய்ப் பற்களின் அடியில் மோவாய்த் துளையில் வெளிவருகிறது. சாதாரணமாக 3 மில்லிமீட்டர் அளவு அகலம். இரு பக்கத்தையும் விரலால் தொடர்ந்து வரைந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கால்வாய் விரிந்தும், பாம்புபோல் வளைந்தும், தொடக்கத் துளை புனல் வாய் போல அகன்றும் இருந்தால், அந்த வழியாக அளவுக்கு மீறி ரத்தம் போகிறது என்று பொருள்.

எலும்பில் சோப்பு நுரை போலவோ தேன்கூடு போலவோ கறுப்புக் குழிகள் தெரியலாம். ஆனால் அமெலோபிளாஸ்டோமா, கெரட்டோசிஸ்ட், ராட்சத செல் கட்டி ஆகியவையும் இதே தோற்றம் தருபவை. இங்கேதான் கால்வாய் கைகொடுக்கிறது. கட்டிகள் பொதுவாகக் கால்வாயைக் கீழே தள்ளும். ரத்தக்குழாய்க் கோளாறு கால்வாயையே அகலப்படுத்தும். நரம்பிலிருந்து வளரும் கட்டிகளும் அகலப்படுத்தும் என்பதால் இது முடிவான அடையாளம் ஆகாது. பயாப்சி கத்தியை எடுக்கும் முன் நிறுத்தி யோசிக்க வைக்க இது போதும்.

மேல்தாடையில் ஓபிஜி அவ்வளவாக உதவாது. மூக்குப் பக்க சைனஸின் நிழல் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மேல்தாடையில் சந்தேகம் வந்தால் நேரே டை (ரத்தக்குழாய்களைப் படத்தில் தெரியவைக்கும் மருந்து) ஏற்றிய சிடிக்குப் போவது மேல்.

தாடையில் கறுப்பாகத் தெரியும் எதையும் திறப்பதற்கு முன் 18 கேஜ் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது பழைய, நல்ல பழக்கம். வைக்கோல் நிற நீர் வந்தால் நீர்க்கட்டி. கருஞ்சிவப்பு ரத்தம் மெதுவாக வந்தால் மெதுவான ஓட்டம். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்து, கை இழுக்காமலே சிரிஞ்சின் தண்டு தானே பின்னால் நகர்ந்தால் தமனி அழுத்தம். ஊசியை எடுத்து, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, அன்றைய வேலையை அத்தோடு நிறுத்த வேண்டும். துடிப்போ இரைச்சலோ ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்த ஊசியும் வேண்டாம்.

சிடி, எம்ஆர்ஐ, ஆஞ்சியோ

பல் மையங்களில் எடுக்கும் கோன் பீம் சிடி எலும்பை நுணுக்கமாகக் காட்டும். அதில் டை கிடையாது, ஆகவே குழியில் இருப்பது ரத்தமா, திசுவா, நீரா என்று சொல்லாது. செலவழித்து எடுத்துவிட்டுப் பிறகு மறுபடி சிடி ஆஞ்சியோ எடுக்க நேருகிறது. சந்தேகம் இருந்தால் முதலிலேயே சிடி ஆஞ்சியோ.

சிடி ஆஞ்சியோவுக்கு முழங்கை மடிப்பில் நல்ல ஊசி போட்டு, பெரியவர்களுக்கு விநாடிக்கு 4 முதல் 5 மில்லி வேகத்தில் டை செலுத்தி, கழுத்துத் தமனியில் டை வந்த கணத்தில் எடுக்க வேண்டும். தாமதமானால் தமனியும் சிரையும் ஒன்றாகத் தெரிந்து, எது வரத்து எது வடிகால் என்று பிரிக்க முடியாமல் போகும். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் அதன் கோடுகள் தாடையையே மறைக்கும். வாயைத் திறந்து பஞ்சு உருளையைக் கடிக்கவைத்து எடுத்தால் மேல், கீழ்ப் பல் வரிசைகள் விலகும். தமனிக் கட்டத்திலேயே எலும்புக்குள் பை பளிச்சென்று நிறைந்தால் நோய் உறுதி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும்.

எம்ஆர்ஐ மெதுவான ஓட்டத்துக்குச் சிறந்தது. சிரைக் கோளாறு டி2 படத்தில் வெள்ளையாக ஒளிரும். வேகமான ஓட்டத்தில் ரத்தம் படம் பிடிபடும் முன் நகர்ந்துவிடுவதால் குழாய்கள் கறுப்புத் துளைகளாகத் தெரியும். தாடை ஏவிஎம் உள்ளவர்களில் சிலருக்கு மூளையிலும் விழித்திரையிலும் அதே கோளாறு இருக்கும். ஆகவே எம்ஆர்ஐ எடுக்கும்போது மூளையையும் சேர்த்து எடுத்து, கண் மருத்துவரிடம் விழித்திரையையும் காட்டிவிடுவது நல்லது.

கடைசியாக டிஎஸ்ஏ, மக்கள் வாயில் ஆஞ்சியோ. தொடையிடுக்கில் தமனியில் 5 பிரெஞ்ச் அளவுள்ள மெல்லிய குழாய் நுழைத்து (சிறு பிள்ளைகளுக்கு 4), வெளிக் கழுத்துத் தமனியின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடைக்கு முக்கிய வரத்து மேக்ஸிலரி தமனியிலிருந்து வரும் கீழ்ப்பல் தமனி. முகத் தமனியும் நாக்குத் தமனியும் துணைக்கு வரும், மறுபக்கத்திலிருந்தும் வரும். ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்து முடிப்பது அரைப் பரிசோதனை.

ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்கிறது: படம் எடுக்கும் வேகம். வழக்கமான விநாடிக்கு 2 அல்லது 3 படம் என்ற கணக்கில் எடுத்தால், முதல் படத்தில் தமனி, அடுத்த படத்தில் எல்லாமே நிறைந்த குழப்பம். விநாடிக்கு 6 அல்லது அதற்கு மேல் எடுத்தால்தான் தமனி சிரையில் விழும் அந்த ஒரு புள்ளி, சிரைப் பையின் அடிவாய், கண்ணில் படும். சிகிச்சை முழுக்க அந்தப் புள்ளியைச் சுற்றித்தான்.

ஏன் கழுத்துத் தமனியைக் கட்டக் கூடாது

வெளிக் கழுத்துத் தமனியைத் திறந்து நூல் போட்டுக் கட்டினால் ரத்தம் நின்றுவிடும் என்பது நியாயமாகத் தோன்றும். சில நாட்கள் நிற்கவும் செய்யும். ஆனால் பையில் அழுத்தம் குறைவு, சுற்றிலும் உள்ள குழாய்களில் அழுத்தம் அதிகம். பள்ளத்தை நோக்கி நீர் வராமலிருக்குமா? மறுபக்கத் தமனி, உள் கழுத்துத் தமனி, முதுகெலும்புத் தமனி எல்லாம் புதுக் கிளைகள் வழியாக அங்கே ஓடும். ஒரு வரத்துக்கால் அடைபட்டால் ஏரி வேறு ஓடைகளிலிருந்து நிறைவது போல. அதைவிட மோசம், பிறகு கத்தீட்டர் (சிகிச்சைக்கான மெல்லிய குழாய்) கொண்டுபோக இருந்த ஒரே நல்ல பாதையை நாமே மூடிவிட்டோம். புதுக் கிளைகள் மூளைக்கும் கண்ணுக்கும் ரத்தம் தருபவற்றோடு கலந்திருப்பதால் அவற்றின் வழியே மருந்து செலுத்துவது ஆபத்து. உயிர் போகும் நிலையில் வேறு வழியே இல்லாதபோது தவிர, இதைச் செய்யக் கூடாது. வரத்துத் தமனிக்குள் காயில் (சின்ன உலோகச் சுருள்) வைத்து நிறுத்துவதும் ஏறத்தாழ இதே தவறுதான்.

பையை அடைப்பது

மூன்று வழிகளில் பையை அடையலாம். தமனி வழியாக நுண்கத்தீட்டரை உடைப்பு வரை கொண்டுபோவது ஒன்று. தொடைச் சிரையில் ஏறி, கழுத்துச் சிரை வழியாகத் திரும்பித் தாடைக்குள் இறங்கி, வடிகால் பக்கத்திலிருந்து பையை அடைவது இரண்டு. வெளியிலிருந்து நேராகத் தாடை எலும்பைத் துளைத்துப் பைக்குள் ஊசியை இறக்குவது மூன்று. எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால் 18 கேஜ் ஊசியே நுழையும். கெட்டியாக இருந்தால் எலும்பு பயாப்சி ஊசி வேண்டும். மோவாய்த் துளை விரிந்திருந்தால் அதுவே வாசல். தாடையைப் பொறுத்தவரை மூன்றாவது வழிதான் மிக நேரானது, பல சமயம் மிகப் பாதுகாப்பானதும் அதுவே.

பையில் ஓட்டம் வேகமாக இருக்கும்போது பசையை ஊற்றினால் அது சிரை வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் முதலில் காயில்களை விட்டுப் பையை நிரப்பி ஓட்டத்தைத் தளர்த்துகிறார்கள். வெள்ளத்தில் மணல் மூட்டை போட்டுவிட்டுப் பிறகு மண் கொட்டுவது மாதிரி. அதற்குப் பின் பசை.

என்பிசிஏ பசை ரத்தத்தைத் தொட்ட மாத்திரத்தில் இறுகும். ரத்தத்தில் இருக்கும் அயனிகளால்தான் இறுகுகிறது. சலைன் நீரிலும் அவை உண்டு. ஆகவே பசைக்கான மேசை தனியாக இருக்க வேண்டும். கையுறையை மாற்றி, புதுச் சிரிஞ்சுகள், புதுக் கிண்ணங்கள் எடுத்து, கத்தீட்டரை 5% டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும். ஒரு துளி சலைன் கலந்தாலும் பசை கத்தீட்டருக்குள்ளேயே கல்லாகிவிடும். எக்ஸ்ரேயில் தெரியவும், இறுகுவதைத் தாமதிக்கவும் லிப்பியோடால் எண்ணெய் கலக்கிறார்கள். 1:1 என்றால் சீக்கிரம் இறுகும், வேகமான ஓட்டத்துக்கு. 1:3, 1:4 என்றால் மெல்ல ஊடுருவும், ஓட்டம் தளர்ந்த பிறகு. ஊற்றி முடித்ததும் நுண்கத்தீட்டரைச் சட்டென்று இழுத்துவிட வேண்டும். தயங்கினால் அது உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

ஓனிக்ஸ் வேறு மாதிரி. டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்த பாலிமர், படத்தில் தெரிய டான்டலம் தூள். தூள் அடியில் தங்கிவிடுவதால் குப்பியைக் குலுக்கும் கருவியில் குறைந்தது 20 நிமிடம் வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்தால் மருந்து போவது திரையில் தெரியாது. தெரியாமல் போன மருந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கத்தீட்டர் டிஎம்எஸ்ஓவுக்குக் கரையாத வகையாக இருக்க வேண்டும். முதலில் டிஎம்எஸ்ஓவால் அதை நிரப்பி, பிறகு ஓனிக்ஸை நிமிடத்துக்கு 0.16 மில்லி அளவில் பொறுமையாகத் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் டிஎம்எஸ்ஓ குழாய்ச் சுவரைக் கருக்கும். தாடைப் பகுதியில் முக்கிளை நரம்பு (டிரைஜெமினல்) தூண்டப்பட்டு இதயத் துடிப்பு திடீரெனக் குறையவும் கூடும். மயக்க மருத்துவர் அட்ரோபினைக் கையில் வைத்திருப்பார். ஒன்றிரண்டு நாளைக்குப் பிள்ளையின் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்.

பிவிஏ துகள்களை மட்டும் செலுத்துவது குணமாக்காது. சிறிய துகள் உடைப்பு வழியாக நுரையீரலுக்குப் போகும், பெரியது வரத்தை மட்டும் அடைக்கும், சில வாரத்தில் பாதை மறுபடி திறக்கும். அறுவைக்கு முந்தின நாள் ரத்தப்போக்கைக் குறைக்க மட்டுமே அதற்கு இடமுண்டு.

கோளாறுகள் நேரும் இடங்கள் தெரிந்தவைதான். பசை பின்னோக்கி வழிந்து நாக்குத் தமனியில் போனால் நாக்கு நுனி கருகும். முகத் தமனியில் போனால் மோவாய்த் தோல். மேக்ஸிலரி தமனியில் நடு மூளையுறைக் கிளை கண் தமனியோடு இணைந்திருந்தால் பார்வை போகலாம். ஏறும் தொண்டைத் தமனியும் பிடரித் தமனியும் மூளைக்குப் போகும் தமனிகளோடு கைகோத்திருக்கும். ஒவ்வொரு முறையும் பசைக்கு முன் அந்தக் கிளையில் தனியாக டை செலுத்தி, மெதுவாகப் படம் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். இன்னொன்று நாள்பட்டுத் தெரிவது: பசைக் கட்டி வாயோடு தொடர்பு கொண்டால் சீழ் பிடித்து எலும்பே புழுத்துப்போகும். ஈறு மூடியிருக்கிறதா என்பதைப் பல் மருத்துவர் மாதாமாதம் பார்க்க வேண்டும்.

அடைத்த பின் அறுவை தேவையா? பை முழுதாக அடைந்திருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. மிச்சம் இருந்தாலோ, சீழ் பிடித்தாலோ, ஒரு பல் காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தாலோ, அடைத்த 1 முதல் 3 நாளுக்குள் உள்ளே சுரண்டி எடுக்கலாம். அதற்கு மேல் தாமதித்தால் புதுக் குழாய்கள் வந்துவிடும். ஓனிக்ஸ் இருக்கும் இடத்தில் சாதாரண மின் கத்தியால் தொட்டால் டான்டலம் பொறி பறக்கும். இருமுனைக் கருவியைப் பயன்படுத்துவது வழக்கம். அரைத்தாடையை வெட்டி எடுக்கும் பெரிய அறுவை ஒரு காலத்தில் முதல் வழியாக இருந்தது. வளரும் பிள்ளையின் முகத்தை அது மாற்றிவிடும். பையை அடைக்கும் வசதி உள்ள ஊரில் அது இனிக் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மெதுவான ஓட்டம் என்றால்

சிரைக் கோளாறு நீல நிறமாக, மெத்தென்று, குனிந்தால் பெருக்கும். உள்ளே கூழாங்கல் போலச் சின்னச் சின்னக் கற்கள் தட்டுப்படும். ஓபிஜியில் வட்டம் வட்டமாகத் தெரியும் இவற்றை உமிழ்நீர்க் கல் என்று தவறாக நினைப்பதுண்டு. சிகிச்சை ஊசி மருந்து. 3% சோடியம் டெட்ராடெசில் சல்பேட்டை ஒரு பங்குக்கு நான்கு பங்கு காற்றோடு இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே தள்ளித் தள்ளி நுரையாக்கிச் செலுத்துகிறார்கள். பிளியோமைசினும் பயன்படுகிறது; ஒரு அமர்வுக்குப் பெரியவர்களுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், வாழ்நாள் மொத்தக் கணக்கை எழுதிவைத்து, ஏனென்றால் அது நுரையீரலைத் தழும்பாக்கக்கூடியது. அந்த நாளில் தோலில் பிளாஸ்டர் ஒட்டி இழுக்கக் கூடாது, ஒட்டிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும்.

தெரியாமல் பிடுங்கிவிட்டால்

30 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தம் 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் அளவு போனாலே ஆபத்து தொடங்குகிறது. பிடுங்கிய பல்லைத் தேடி எடுத்து அதே குழியில் திணியுங்கள். அதைவிட நல்ல அடைப்பான் அந்த நேரத்தில் கிடையாது. மேலே மடித்த பஞ்சுத்துணி வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள், அல்லது கட்டைவிரலால் அழுத்தி, மறுகையால் தாடையை வெளியிலிருந்து தாங்குங்கள். நின்றதா என்று பார்க்கத் துணியை எடுக்காதீர்கள். பிள்ளையை மல்லாத்தாமல் உட்காரவைத்து முன்னால் சாய்க்கவும். விழுங்கினாலும் மூச்சுக்குழாயில் போனாலும் ஆபத்து. மயங்கினால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 108ஐ அழைத்து, அழுத்திய விரலை எடுக்காமலே வண்டியில் ஏறுங்கள். போகும் மருத்துவமனைக்கு “தாடை ஏவிஎம், ரத்தம் ஏற்பாடு செய்யுங்கள், ஆஞ்சியோ அறை தேவைப்படும்” என்று போனில் சொல்லிவிடுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கிடைத்தால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் சிரையில் போடலாம். ஆனால் விரலை எடுத்துவிட்டு அதைத் தேடக் கூடாது.

வேலூருக்கு வரும்போது

1900இல் ஐடா ஸ்கடர் என்ற மருத்துவர் ஒரே கட்டிலோடு மருத்துவமனை (இன்றைய சிஎம்சி) தொடங்கிய வேலூர், இன்று நாடெங்கும் இருந்து நோயாளிகள் காட்பாடியில் இறங்கி வரும் ஊர். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்தது. இன்றும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கேதான் வருகிறார்கள். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதும் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் மருத்துவத்துக்கு வேலூரையே நோக்கின. இந்த நோய்க்கு ஒரே கூரையின் கீழ் தாடை அறுவை மருத்துவர், குழாய் வழிச் சிகிச்சை செய்யும் ரேடியாலஜி மருத்துவர், மயக்க மருத்துவர், ரத்த வங்கி நால்வரும் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் தொடங்கக் கூடாது.

கொண்டுவர வேண்டியவை: முதல் ஓபிஜி, எவ்வளவு பழையதாக இருந்தாலும். ஸ்கேனின் அச்சிட்ட பிலிம் மட்டும் போதாது, முழுப் படங்கள் பதிவான வட்டும் வேண்டும். பையின் அடிவாயை பிலிமில் தேட முடியாது. ரத்த வகைச் சீட்டு. எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு ரத்தம் வந்தது என்று வீட்டில் எழுதிவைத்த குறிப்பு. பெண்ணாக இருந்து திருமண வயது நெருங்கினால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

சிகிச்சைக்குப் பின் மூன்று முதல் ஐந்து நாள் வீக்கமும் லேசான காய்ச்சலும் இருக்கும். கடின உணவு வேண்டாம். மெலிந்த எலும்பு முறியக்கூடும், கேழ்வரகுக் கூழும் குழைந்த சோறும் போதும். எந்தப் பல்லையும் யாரும் தொடக் கூடாது என்று சீட்டில் பெரிதாக எழுதி, வீட்டருகே உள்ள பல் மருத்துவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். 3 முதல் 6 மாதத்தில் மறு ஆஞ்சியோ. 6 மாதத்தில் ஓபிஜி எடுத்தால் குழியின் ஓரங்களில் வெண்மை படரத் தொடங்கியிருக்கும்; எலும்பு முழுதாக நிரம்ப ஓரிரு வருடம் ஆகலாம். முன்பு அமிழ்ந்தெழுந்த பல் அதற்குள் இறுகியிருக்கும். கண்ணாடிக் கருவியின் பிடியால் அதைத் தட்டி, பக்கத்துப் பல்லையும் தட்டிப் பாருங்கள்: இரண்டும் ஒரே கெட்டியான ஓசை தர வேண்டும்.